இடியாப்ப மாவில் சல்லடைக் கம்பி, உளுந்து மாவில் நறநறப்பு: மெட்டல் டிடெக்டர் இருந்தும் தப்புவது ஏன்?

குடந்தை_மாவு

வணக்கம். கும்பகோணம் பக்கம் சின்ன மாவு யூனிட். பச்சரிசி மாவு, இடியாப்ப மாவு, உளுந்து மாவு மூன்றும் ஓடுகிறது, மணிக்கு 300 கிலோ. அரிசியைக் கழுவி, களத்தில் உலர்த்தி, பல்வரைசரில் (சுத்தி அடித்து அரைக்கும் மெஷின்) அரைத்து, 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) வைப்ரோ சிஃப்டரில், அதாவது அதிரும் சல்லடையில் சலித்து, ஹாப்பர் (கொட்டும் தொட்டி) வழியாக பேக்கிங் மெஷினுக்குப் போகிறது. கடைசியில் பெல்ட்டோடு கூடிய மெட்டல் டிடெக்டர். திறப்பின் உயரம் 200 மி.மீ. இரும்பு 1.5, பித்தளை 2.0, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 2.5 மி.மீ. டெஸ்ட் பீஸ் (சோதனைத் துண்டு) மூன்றையும் தவறாமல் தள்ளுகிறது.

பிரச்சினை மூன்று. ஒன்று, இடியாப்ப மாவு ஒரு கிலோ பொட்டலத்தில் 7 மி.மீ. நீளத்தில் மெல்லிய கம்பி இருந்ததாகக் கடையிலிருந்து திரும்பி வந்தது. மைக்ரோமீட்டரில் 0.17 மி.மீ. கனம். அதே கம்பியைப் பொட்டலத்தில் போட்டு பெல்ட்டில் விட்டால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் டிடெக்டர் கண்டுகொள்ளவில்லை. இரண்டு, உளுந்து மாவில் பல்லில் நறநறக்கிறது என்று புகார். மூன்று, சில நேரம் ஒன்றும் இல்லாத பொட்டலத்தை வரிசையாகத் தள்ளிவிடுகிறது.

சென்சிடிவிட்டியை ஏற்றுவதா, எக்ஸ்ரே மெஷினுக்குப் போவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிடெக்டர்_சர்வீஸ்

சார், இரண்டும் வேண்டாம். 0.17 மி.மீ. கம்பி என்றால் அது உங்கள் சிஃப்டர் வலையேதான். 60 மெஷ் வலையில் கண் கால் மில்லிமீட்டர், கம்பி 0.16 முதல் 0.19 வரை இருக்கும். அந்தக் கம்பியை எந்த பெல்ட் டிடெக்டரும் பிடிக்காது.

காரணம் சொல்கிறேன். டெஸ்ட் பீஸில் இருப்பது உருண்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் உருண்டை ஒரே அளவு சிக்னல்தான் தரும். கம்பி அப்படி இல்லை, படுக்கும் திசையைப் பொறுத்து சிக்னல் மாறும். இரும்புக் கம்பி பெல்ட் ஓடும் திசையிலேயே நீளவாட்டில் வந்தால் நன்றாகத் தெரியும், குறுக்கே கிடந்தால் மங்கும். எஸ்.எஸ்., பித்தளை, தாமிரக் கம்பிக்கு நேர் எதிர்: நீளவாட்டில் வந்தால்தான் தப்பிக்கும். கம்பியின் கனம் டிடெக்டர் பிடிக்கும் உருண்டையின் விட்டத்தை விடக் குறைந்ததுமே இந்தத் தொல்லை தொடங்கிவிடுகிறது. உங்கள் அளவு 2.5, கம்பி 0.17. பதினான்கில் ஒரு பங்குகூட வரவில்லை. சென்சிடிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றினாலும் இந்த இடைவெளி மூடாது, மூன்றாவது பிரச்சினைதான் பெருகும்.

எக்ஸ்ரேயும் இதற்குக் கைகொடுக்காது. ஒரு கிலோ மாவுப் பொட்டலத்தின் கனத்துக்குள் 0.17 மி.மீ. கம்பியின் நிழல் மாவின் ஏற்ற இறக்கத்திலேயே கரைந்துவிடும்.

அதனால் கம்பியை நிறுத்த வேண்டிய இடம் சிஃப்டர். வலை ஏன் அறுகிறது என்று பாருங்கள். இழுவை தளர்ந்து நடுவில் தொய்ந்தால் ஒவ்வொரு அதிர்விலும் கம்பி ஒரே இடத்தில் மடங்கி நிமிர்ந்து களைத்து ஒடியும். விரலால் அழுத்தினால் வலை பலகை மாதிரி நிற்க வேண்டும். கிளாம்ப் வளையத்தின் ஓரம் கூராக இருந்தால் சுற்றோரமாகவே அறுக்கும். ஈரம் கூடிய மாவு வலைக்கண்ணை அடைத்ததும் ஆள் குச்சியாலோ கரண்டிக் காம்பாலோ தட்டுவார். வலை கிழிவதற்கு இது மிகப் பெரிய காரணம், கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வலையைக் கம்பி பிரஷால் தேய்ப்பது இன்னொன்று. அந்த பிரஷ் கம்பியும் மாவில் சேரும். நைலான் பிரஷும் காற்றும் போதும்.

வலையை மாற்றும்போது 304க்குப் பதில் 430 ரக எஸ்.எஸ். வலை கேளுங்கள். 304 காந்தத்தில் சரியாக ஒட்டாது, 430 ஒட்டும். சிஃப்டருக்குக் கீழே நியோடைமியம் காந்தக் குழாய்கள் அடுக்கிய டிராயர் ஒன்று வைத்தால் அறுந்த துண்டு அங்கேயே நின்றுவிடும். மேற்பரப்பில் காந்த வலிமை 10,000 காஸ் இருக்கட்டும், 25 மி.மீ. காந்தக் குழாய்கள் இரண்டு வரிசை, மேல்வரிசை இடைவெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழாய் வர வேண்டும். காந்தத்தின் இழுவை ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் தீர்ந்துவிடும், மாவு குழாயை உரசிக்கொண்டு விழுந்தால்தான் பலன். வறுத்த மாவு ஓட்டினால் ஆறவிட்டு ஓட்டுங்கள். சாதாரண ரக நியோடைமியம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் இழக்கும், ஆறிய பிறகும் அது முழுதாகத் திரும்பாது.

மூன்றாவது பிரச்சினைக்கு: தள்ளும்போது என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவின் கேபிள் டிடெக்டர் கேபிளோடு ஒரே குழாயில் போகிறதா? பிரித்துவிடுங்கள். கன்வேயர் சட்டத்தில் லூஸான போல்ட் இருந்தால் அதிர்வில் தொட்டும் தொடாமலும் மின்சுற்று உண்டாகி, உலோகம் போன மாதிரியே சிக்னல் தரும். திறப்பின் இருபுறமும் அசையாத உலோகம் திறப்பு உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி இருக்க வேண்டும், அசையும் உலோகம் இரண்டு மடங்கு. உங்களுக்கு 300 மி.மீ., 400 மி.மீ. பக்கத்தில் இரும்பு டிராலியை நிறுத்தி வைக்கிறார்களா என்றும் பாருங்கள். பெல்ட்டை வெறுமனே பத்து நிமிடம் ஓட விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தள்ளினால் பெல்ட்டுக்குள்ளேயே துகள் புதைந்திருக்கிறது.

பொட்டலம் எந்த ஃபிலிம்? உள்பக்கம் வெள்ளியாக மின்னினால் (உலோகப் பூச்சு) அதையும் சொல்லுங்கள்.

மன்னை_நெல்மில்

நறநறப்பு பற்றி நான் சொல்கிறேன் அண்ணே. உளுந்து மாவு என்றால் முதலில் மண் உருண்டையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நம்ம பக்கம் உளுந்து சம்பா தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைக்கிறது. ஈரக் களிமண்ணில் பெல்ட் மெஷின் இறங்கி அறுத்துப் போன தடத்திலேயே செடி வளரும். பிடுங்கும்போது வேரோடு மண் வரும். பிறகு தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏற விட்டு அடிப்பார்கள். மண் கட்டி நொறுங்கி உருண்டு உளுந்து அளவுக்கே ஆகிவிடும், கூடவே ஜல்லித் துணுக்கும் தார்ப் பொடியும் சேரும்.

சல்லடையில் அளவு ஒன்று, அதனால் போகாது. டீஸ்டோனர் (கல் நீக்கும் மெஷின்) எடையை வைத்துப் பிரிக்கிறது. கல்லின் அடர்த்தி 2.6 அளவு, தானியம் 1.4. இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருப்பதால் கல் சாய்ந்த தட்டில் மேலே ஏறிப் போய்விடும். காய்ந்த களிமண் உருண்டைக்குள் காற்றிடம் இருப்பதால் தானியத்துக்கு நெருக்கமாக வந்து நிற்கும், பாதி தப்பிக்கும். நிறம் பார்த்து எடுக்கும் சார்டெக்ஸும் தோலோடு இருக்கும் கருப்பு உளுந்தில் திணறும், கருப்புக்குள் கருப்பைத் தேட வேண்டும். ஆகவே தோல் நீக்கி வெள்ளை உளுந்து ஆக்கிய பிறகுதான் சார்டெக்ஸில் விட வேண்டும். அப்போது மண், தார், தோல் ஒட்டிய பருப்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். கண்ணாடித் துணுக்கும் வெள்ளைக் கல்லும் சாதாரண கலர் கேமராவுக்குத் தெரியாமல் போகலாம், அதற்கு இன்ஃப்ரா ரெட் கேமரா உள்ள மெஷினாக இருக்க வேண்டும். நீங்கள் வெள்ளை உளுந்தாக வாங்குகிறவர் என்றால் கொடுப்பவரிடம் எந்தக் கட்டத்தில் சார்ட் செய்கிறார் என்று கேளுங்கள். சார்டெக்ஸ் போட்டது என்ற ஒரு சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். காற்றில் தண்ணீர், எண்ணெய் கலந்து வந்தால் கல்லை ஊதித் தள்ளும் எஜெக்டர் ஒன்றிரண்டு அடைத்துக்கொள்ளும், அந்த வரிசையில் வருவது முழுக்கத் தப்பும்.

டீஸ்டோனர் உங்களிடம் இருந்தால் இதைப் பாருங்கள். மேலே ஹாப்பர் எப்போதும் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தீனி விட்டு விட்டு விழுந்தால் தட்டில் ஓரிடம் வெறுமையாகும், காற்று முழுவதும் அந்த ஓட்டை வழியே போய்விடும், மற்ற இடத்தில் தானியம் மிதக்காது, கல்லும் தானியமும் சேர்ந்தே நகரும். காற்று கூடினால் சிறு கல்லும் தானியத்தோடு மிதந்து இறங்கும். குறைந்தால் தானியம் கல்லோடு ஏறி கல் வாயில் கொட்டும். தட்டின் வலைக்கண்ணில் நொய்யும் உமியும் அடைத்திருக்கும், வாரம் ஒருமுறை கழற்றித் தேய்க்க வேண்டும். சோதனை செய்ய 2 முதல் 4 மி.மீ. வரை உள்ள 100 சிறு கல்லைச் சிவப்புப் பெயின்ட் அடித்துக் காயவைத்து ஒரு மூட்டையில் கலந்து விடுங்கள். கல் வாயில் எத்தனை வந்தது என்று எண்ணினால் மெஷினின் யோக்கியதை தெரிந்துவிடும். வராத கல்லைத் தேடி எடுக்கும் வரை அந்த மூட்டை விற்பனைக்குப் போகக் கூடாது.

அரிசியை நீங்கள் கழுவுவது நல்லது, மண் கட்டி தண்ணீரிலேயே கரைந்துவிடும். கழுவும் தொட்டியிலிருந்து அரிசி தண்ணீரோடு வெளியேறும் வாய்க்காலில் குறுக்கே 5 மி.மீ. உயரத்துக்கு வரிகள் வையுங்கள். வீட்டில் அரிக்கஞ்சட்டியின் உள்வரி கல்லை நிறுத்திக்கொள்கிற அதே வேலையை அது செய்யும். ஆனால் கழுவிய பிறகு சிமென்ட் களத்தில் உலர்த்தினால் கழுவியதெல்லாம் வீண். சிமென்ட் பூச்சு பெயர்ந்து மணலாக வரும், வாருகோல் குச்சியும் சேரும். எஸ்.எஸ். தட்டு, இல்லையென்றால் தரமான தார்ப்பாய். பாயின் ஓரம் பிரிந்து நூலாக வந்தால் உடனே மாற்றுங்கள்.

நறநறப்பு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்க: 50 கிராம் மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, மேல் கலங்கலைச் சாய்த்து ஊற்றுங்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் அடியில் மணல் மட்டும் நிற்கும். உளுந்து மாவு கொழகொழக்கும், அதற்குத் தண்ணீர் இரட்டிப்பாக வேண்டும். அடியில் நிற்பதைக் கருப்புத் தட்டில் கொட்டி பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாங்கிய பருப்பு, அரைத்த மாவு, பொட்டலம் மூன்றிலும் செய்து பார்த்தால் எந்த இடத்தில் கூடுகிறது என்று தெரியும். பருப்பில் இல்லாமல் மாவில் இருந்தால் அரவையில் தேய்மானம்.

குடந்தை_மாவு

இருவருக்கும் நன்றி. வலையைக் கழற்றிப் பார்த்தேன், கிளாம்ப் ஓரத்தில் விரற்கடை நீளம் கிழிந்திருக்கிறது. இன்வெர்ட்டர் கேபிளும் டிடெக்டர் கேபிளும் ஒரே குழாயில்தான் போகின்றன. பொட்டலம் சாதாரண பாலி ஃபிலிம், வெள்ளி இல்லை. காந்தம் எங்குமே இல்லை.

இன்னும் மூன்று கேள்வி. நைலான் வலை போட்டால் கம்பித் தொல்லையே இருக்காது அல்லவா? டிடெக்டரைப் பேக்கிங்குக்கு முன்னால் குழாயில் வைக்கலாமா? ஸ்டாக்கில் இருக்கும் 600 கிலோ மாவை என்ன செய்வது, தீவனத்துக்குக் கொடுத்துவிடலாமா?

டிடெக்டர்_சர்வீஸ்

நைலானில் கம்பி இருக்காது, இழை இருக்கும். அறுந்த இழையைக் காந்தமும் டிடெக்டரும் பார்க்காது. குத்தும் ஆபத்து குறைவு, ஆனால் பொட்டலத்தில் இழை கிடந்தாலும் புகார் புகார்தான். 430 வலையும் கீழே காந்தமும் சேர்ந்ததுதான் என் தேர்வு.

குழாயில் வைப்பது நல்ல யோசனை. 100 மி.மீ. குழாய்க்கான டிடெக்டரில் திறப்பு சிறிது என்பதால் உலர்ந்த மாவில் இரும்பு 1.0, எஸ்.எஸ். 1.5 அளவுக்கு இறங்கலாம். இடம் வேண்டும், அதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மாவு ஒரு மீட்டர் தடையின்றி விழுந்தால் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர். தள்ளும் கதவு திறக்க 0.1 வினாடி எடுத்தால் அதற்குள் துகள் கிட்டத்தட்ட அரை மீட்டர் இறங்கியிருக்கும். டிடெக்டருக்கும் கதவுக்கும் நடுவே அதைவிடக் கூடுதல் உயரம் விடாவிட்டால், உலோகம் போன பிறகு கதவு திறந்து நல்ல மாவைத் தள்ளும். டிடெக்டருக்குள் போகும் பிளாஸ்டிக் குழாயில் மாவு உரசி நிலைமின் ஏறும், எர்த் எடுக்கிற ஆன்டி ஸ்டாட்டிக் குழாய் கேளுங்கள். அப்படி வைத்தாலும் கடைசி பெல்ட் டிடெக்டரை எடுக்க வேண்டாம். பேக்கிங் மெஷின் கத்தியும் ஸ்பிரிங்கும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

பல்வரைசருக்கு முன்னாலும் ஒரு காந்தம் கட்டாயம். அறுவடை மெஷின் போல்ட், கோணி ஊசி ஏதாவது உள்ளே போனால் சுத்தியும் சல்லடைத் தகடும் சில்லு சில்லாக உடையும். பொறி பறக்கும். பறக்கிற மாவுத் தூசியில் பொறி பட்டால் வெடிக்கும்.

தரம்_தஞ்சை

600 கிலோவை தீவனத்துக்குக் கொடுக்க வேண்டாம் ஐயா. மாடு மென்று பார்த்து விழுங்காது. கம்பி இரண்டாம் வயிற்றில் தங்கி, சுவரைக் குத்தி இதயப் பக்கம் வரை போகும். மாடே செத்துப்போகும்.

கிழிந்த வலையை மேசையில் விரித்து அடியில் விளக்கு வைத்து, எத்தனை இழை, எவ்வளவு நீளம் காணாமல் போயிருக்கிறது என்று கணக்கெடுங்கள். கடைசியாக வலையை முழுதாகப் பார்த்தது எந்தத் தேதி? அன்றிலிருந்து இன்றுவரை சலித்தது அத்தனையும் சந்தேகம்தான். ஸ்டாக்கில் இருப்பதைத் தனியாக அடுக்கி, சிவப்புச் சீட்டு ஒட்டி நிறுத்துங்கள், கடைக்குப் போனதைத் திரும்பக் கேளுங்கள். மறுபடி சலித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கம்பி செங்குத்தாக நின்றால் கால் மில்லிமீட்டர் கண்ணில் நழுவிவிடும், பழைய 304 துண்டு காந்தத்திலும் உறுதியாக நிற்காது. காணாமல் போன நீளம் கைக்குக் கிடைக்காத வரை அந்த மாவை அழிப்பதுதான் சரி. நஷ்டம்தான், ஆனால் இடியாப்பம் குழந்தைக்கும் ஊட்டுகிற பண்டம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 54ஆவது பிரிவில் அந்நியப் பொருள் கலந்த உணவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்களுக்கு மெட்டல் டிடெக்டர் இருக்கிறதா என்பது அங்கே கேள்வி இல்லை.

இனி நடைமுறை. சிஃப்டர் வலைக்கு எண் போட்டு, ஷிஃப்ட் தொடங்கும்போதும் முடியும்போதும் விளக்கில் பிடித்துப் பார்த்துக் கையெழுத்து. தொடக்கத்தில் நன்றாக இருந்து முடிவில் கிழிந்திருந்தால் அந்த ஒரு ஷிஃப்ட் மாவு மட்டும்தான் நிற்கும். இன்று உங்களுக்கு எல்லாமே நிற்கிறது. மெட்டல் டிடெக்டர் டெஸ்ட்டும் அதே கணக்கில்: மணிக்கு ஒருமுறை செய்தால், தவறும்போது 300 பொட்டலம் திரும்ப ஓட வேண்டும். டெஸ்ட் செய்வதற்குள் வண்டி ஏற்றிவிட்டால் அந்த டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்லை. ஆகவே அடுத்த டெஸ்ட் சரியாக வரும் வரை சரக்கு கிடங்கைத் தாண்டக் கூடாது.

டெஸ்ட் பீஸை பெல்ட்டில் தனியாக விட்டுப் பார்ப்பது ஏமாற்று. திறப்பின் நடு மையத்தில்தான் உணர்திறன் மிகக் குறைவு, ஓரத்திலும் பெல்ட்டுக்கு அருகிலும் கூடுதல். அதனால் மாவுப் பொட்டலத்தோடு சேர்த்து, முடிந்தவரை மையத்தை ஒட்டிப் போகும்படி வைத்து விட வேண்டும். பொட்டலத்தின் முன்முனை, நடு, பின்முனை மூன்றிலும் வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு பொட்டலத்தில் வைத்தும் பாருங்கள், சில மெஷின் முதலாவதைத் தள்ளிவிட்டு இரண்டாவதை விட்டுவிடும். பெல்ட் வேகத்தை யாராவது மாற்றினால் தள்ளும் நேரமும் பிசகும், பக்கத்துப் பொட்டலம் விழும். தள்ளிய பொட்டலம் விழும் பெட்டிக்குப் பூட்டு வேண்டும், சாவி பேக்கிங் ஆளிடம் இருக்கக் கூடாது. திறந்து கிடந்தால் மாலைக்குள் அந்தப் பொட்டலம் மறுபடி பெல்ட்டில் ஏறிவிடும்.

காந்தத்தில் ஒட்டியதைத் துடைத்து எறியாமல் ஷிஃப்ட் வாரியாகச் சிறு கவரில் தேதி எழுதி வையுங்கள். தட்டையான மினுங்கும் சில்லு பல்வரைசர் சுத்தியிலிருந்து. உருண்டைத் துளி வெல்டிங் செய்த பிறகு சுத்தம் பார்க்காததால். துருச் சருகு எலிவேட்டர் பக்கெட். மெல்லிய கம்பி என்றால் அந்த நிமிடமே சிஃப்டரை நிறுத்த வேண்டும். ஒரு வாரம் வழக்கமாக வருவதை விட ஒரு நாள் கூடினால், எதுவும் உடைவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எக்ஸ்ரே கல், கண்ணாடி, உலோகம் பார்க்கும், அலுமினிய ஃபாயில் பொட்டலத்திலும் வேலை செய்யும். முடி, நூல், பூச்சி, உமி, மரச் சிம்பு, மெல்லிய பாலிதீன் எதுவும் அதற்குத் தெரியாது. மாவோடு அடர்த்தி ஒன்றாக இருப்பதை அது பிரித்துக் காட்டாது. கதிர்வீச்சு சம்பந்தப்பட்டதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நடைமுறையும் உண்டு. உங்கள் மூன்று பிரச்சினையில் ஒன்றுக்கும் அது மருந்து இல்லை. நறநறப்பு பொடி மணல், அதன் அளவை எக்ஸ்ரே எட்டாது.

மணலின் அளவை எண்ணாகத் தெரிந்துகொள்ள அமிலத்தில் கரையாத சாம்பல் சோதனை கொடுங்கள். தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் உள்ள நிஃப்டெமிலும் (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்) உணவுப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பருப்பு வாங்கும் லாட் ஒன்று, அதே லாட்டை அரைத்த மாவு ஒன்று என இரண்டு மாதிரி சேர்த்தே கொடுங்கள், தனியாகப் பொட்டலத்தை மட்டும் கொடுத்தால் குற்றம் பருப்பிலா மெஷினிலா என்று தெரியாது.

மன்னை_நெல்மில்

ஒன்று விட்டுவிட்டேன். மூட்டையைப் பிரிக்கும்போது சணலைக் கத்தியால் அறுக்காமல் தையல் முனையைப் பிடித்து ஒரே இழுவையாக உருவச் சொல்லுங்கள். அறுத்தால் துண்டு துண்டாக தானியத்தில் விழும், காந்தமோ டிடெக்டரோ எக்ஸ்ரேயோ அதைப் பார்க்காது. கொட்டும் ஹாப்பரின் வாயில் 10 மி.மீ. கம்பிக் கிராதி போட்டு, உருவிய சணலைப் போட பக்கத்திலேயே ஒரு டப்பா வையுங்கள். கொட்டிய மூட்டையும் டப்பாவில் கிடக்கும் சணலும் எண்ணிக்கையில் ஒத்து வர வேண்டும்.

குடந்தை_மாவு

சரிங்க. 600 கிலோவைத் தனியாக நிறுத்திச் சீட்டு ஒட்டியாகிவிட்டது, கடைகளுக்கும் சொல்லிவிட்டோம். 430 வலையும் இரண்டு காந்தமும் கோட்டேஷன் கேட்டிருக்கிறேன். வலை வந்து மாட்டும் வரை சிஃப்டர் ஓடாது. உளுந்து மாதிரி இரண்டும் திங்கட்கிழமை தஞ்சாவூருக்குப் போகிறது.